வில்மருக்கு எப்போதும் ஆறு வயது

நதீன் ஸ்டக்கி யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் கண் போவது பிரிட்ஜ் கதவுக்குத்தான். பல் டாக்டர் கொடுத்த சீட்டு, பீட்சா கடைக் கூப்பன், பேத்தி கிரேயானில் வரைந்த ஐந்து கால் குதிரை, இவற்றுக்கு நடுவில் சோளக்கதிர் வடிவக் காந்தத்தின் கீழே வில்மர் இருப்பான். வில்மர் சோக்கே, பொலிவியா, வயது ஆறு. மூக்கு ஒழுகிக்கொண்டிருக்கும். கன்னமெல்லாம் சேறு. அந்தச் சேற்றில் கண்ணீர் இரண்டு வாய்க்கால் வெட்டியிருக்கும். "எங்களுக்காக ஜெபியுங்கள்" என்று அடியில் அச்சடித்திருக்கும். படத்தின் ஓரத்தில் யாரோ ஒரு பெண்ணின் முழங்கை தெரியும். அந்த முழங்கைதான் நதீன்.

இந்தியானாவின் சோளக்காட்டுக்கு நடுவே இருக்கும் கார்டர் குரோவ் சபையில் இந்த அட்டை ஒட்டாத பிரிட்ஜ் கிடையாது. பழைய பிரிட்ஜைத் தூக்கிப் போட்டுப் புதியது வாங்கினாலும் முதல் வேலையாக வில்மரைத்தான் இடம் மாற்றுவார்கள். சொந்தப் பிள்ளைகளின் பட்டமளிப்புப் படங்கள் கழன்று விழுந்து அலமாரிக்கு அடியில் போயிருக்கும். வில்மர் மட்டும் விழுவதே இல்லை.

உண்மை வில்மருக்கு வயது முப்பதை நெருங்குகிறது. கொச்சபம்பாவை விட்டு வெளியேறும் நெடுஞ்சாலையில் பஞ்சர் கடை வைத்திருக்கிறான். மனைவி உண்டு, இரண்டு பிள்ளைகள் உண்டு, தொப்பை உண்டு. லாரி டிரைவர்களை அவன் திட்டும் திட்டுக்காகவே அங்கே வண்டியை நிறுத்துகிறவர்கள் உண்டு.

இதை நதீன் மறைத்தாள் என்று யாரும் சொல்ல முடியாது. வில்மர் பள்ளியின் கடைசி வகுப்பை முடிக்காமலே படிப்பை விட்டுவிட்டான் என்று சபைக்கு எழுதினாள். மூன்று பெட்டி கிரேயான் வந்தது. வில்மருக்குக் கல்யாணம் என்று எழுதினாள். பொம்மை லாரி வந்தது. வில்மருக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது என்று படத்தோடு எழுதினாள். சபையின் மாதச் செய்தித்தாளில் அந்தப் பிள்ளையின் படத்தைப் போட்டு, "வில்மர் நலம்" என்று கீழே எழுதியிருந்தார்கள்.

அந்தப் படம் எடுத்த நாளும் அப்படி ஒன்றும் சோகமான நாள் இல்லை. நதீனின் விடுதியில் பையன்கள் எல்லோருக்கும் பேன் மருந்து போட்டுத் தலை கழுவிய நாள். வில்மர் கழுவ வரமாட்டேன் என்று மண்ணில் புரண்டான். பிடித்து இழுத்து வந்தபோது சோப்பு கண்ணுக்குள் போய்விட்டது. மிஷன் அலுவலகத்திலிருந்து வந்திருந்தவர் அந்த நேரம் பார்த்துக் காமிராவை அழுத்தினார். இரண்டு நிமிடத்தில் அழுகை நின்று, ரொட்டி எங்கே என்று கேட்டான். அதைப் படமெடுக்க அவருக்குத் தோன்றவில்லை.

நதீன் பன்றிப் பண்ணைக்காரரின் மகள். பதினைந்து வயதில் சபை முகாமுக்குப் போனாள். கடைசி நாள் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து பாடிவிட்டு, வெளிநாட்டு ஊழியத்துக்குத் தன்னைக் கொடுக்கிறவர்கள் எழுந்து வந்து ஒரு குச்சியை நெருப்பில் போட வேண்டும். அன்றைக்குக் குச்சி போட்டவர்களில் ஒருவர் இப்போது பல் டாக்டர். ஒருத்தி வீடு விற்றுக் கொடுக்கிறாள். இன்னொருவர் டிராக்டர் விற்கிறார். எல்லாருடைய குச்சியும் ஒரே மாதிரிதான் எரிந்தது. நதீன் மட்டும் எப்படியோ சொன்னபடி வெளிநாடு போய்விட்டாள்.

மரத்தடியில் பிள்ளைகளை உட்கார வைத்துக் கதை சொல்லப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டுதான் பொலிவியாவுக்கு விமானம் ஏறினாள். அங்கே அவளுக்குக் கிடைத்தது ஒரு பிள்ளைகள் விடுதியை நடத்தும் வேலை. அரிசி பேரம் பேசுவது, கேஸ் சிலிண்டருக்கு வரிசையில் நிற்பது, பேன் எடுப்பது, நகராட்சியில் முத்திரை வாங்குவது, அடைத்துக்கொண்ட குழாயைக் குத்துவது. கதை சொல்ல உட்கார்ந்தால் யாராவது ஓடிவந்து தண்ணீர் வரவில்லை என்பார்கள். முப்பது ஆண்டுகள் இப்படியே போய்விட்டன.

இந்த முறை அவள் ஊர் விடுப்பில் வந்ததற்கு ஒரே காரணம் செப்டிக் டேங்க். பெண்பிள்ளைகள் தங்கும் பகுதியில் இருந்தது பழைய தொட்டி. போன மழைக்காலத்தில் அது பொங்கி முற்றத்துக்கே வந்துவிட்டது. பாதிப் பிள்ளைகள் வயிற்றோட்டத்தில் படுத்தார்கள். நகராட்சி அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து பார்த்துவிட்டு, அடுத்த மழைக்குள் புதுத் தொட்டி இல்லையென்றால் விடுதிக்குப் பூட்டு என்று சொல்லிவிட்டுப் போனார். பூட்டினால் பெண்பிள்ளைகளை எங்கெங்கே இடம் இருக்கிறதோ அங்கெல்லாம் பிரித்து அனுப்புவார்கள். அக்கா ஒரு ஊரில், தங்கை ஒரு ஊரில்.

ஆகவே நதீன் கோடை முழுவதும் சபை சபையாக ஏறி இறங்கினாள். ஒவ்வொரு சபையின் அடித்தளக் கூடத்திலும் அதே நீள மேசை, ஆளுக்கொரு பாத்திரமாகக் கொண்டுவந்த அதே சாப்பாடு: பீன்ஸ் மேல் பொரித்த வெங்காயம், உருளைக்கிழங்கின் மேல் சீஸ், துருவிய கேரட் மிதக்கும் பச்சை ஜெல்லி. சாப்பிட்டு முடித்ததும், "ஒரு பிள்ளையைப் பத்திச் சொல்லுங்க சிஸ்டர்" என்பார்கள். அவள் தொட்டியைப் பற்றிச் சொல்வாள். முகங்கள் வாடும். ஒரு பாஸ்டர் அவளைத் தனியே அழைத்து, கழிவறை என்ற சொல்லைப் பிரசங்க மேடையில் சொல்லாமல் இருக்க முடியுமா என்று பணிவாகக் கேட்டார். கூட்டம் முடிந்து கிளம்பும்போது அவள் கார் டிக்கியில் பழைய பொம்மைகள் ஏறியிருக்கும்.

கடைசியாக வந்து சேர்ந்தது சொந்தச் சபையான கார்டர் குரோவுக்கு. தங்கியது லவோன் பெக்லர் வீட்டில். லவோன் பெண்கள் ஐக்கியத் தலைவி, செய்தித்தாள் ஆசிரியர், சபை அடுப்படிச் சாவிக்குச் சொந்தக்காரர். எழுபதைத் தாண்டியவர். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். வந்த அன்றே நதீனைச் சபையின் அடித்தளத்துக்கு அழைத்துப்போய் மிஷனரி அலமாரியைத் திறந்துவிட்டார். ஊருக்கு வேண்டாத கோட்டும் செருப்பும் எல்லாம் மிஷனரிகளுக்காக அங்கே தொங்கும்.

"ஒரு நல்ல கோட்டா எடுத்துக்கோ கண்ணு. இது ஒரு தடவைதான் போட்டது. போட்டவங்க செத்துட்டாங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை, மிஷனரிகளுக்கென்று ஆண்டுக்கு ஒருமுறை வரும் மிஷன் ஞாயிறு. அன்றைக்குத்தான் வில்மரின் பிறந்தநாளும். அவன் எப்போது பிறந்தான் என்பது அவனுக்கே தெரியாது. ஆனால் கேக் வெட்ட ஒரு தேதி வேண்டுமே என்று சபை இந்த நாளைக் குறித்துக் கொடுத்துவிட்டது. ஆண்டுதோறும் ஞாயிறு பள்ளிக்குப் புதுப் பிள்ளைகள் வருவார்கள். பழையவர்கள் வளர்ந்து கல்லூரிக்குப் போவார்கள். பாஸ்டர்கள் மாறுவார்கள். கேக்கின் மேல் மட்டும் மாறாமல் ஆறு மெழுகுவர்த்தி.

ஆராதனைக்கு முன் பாஸ்டர் கர்ட் அவளிடம் வந்தார். அவர் இந்தச் சபைக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. அந்தத் தொட்டிப் படங்களை மட்டும் விட்டுவிடலாமா, பசியோடு உட்கார்ந்திருப்பார்கள், வில்மரைப் பற்றி மட்டும் பேசினால் போதும் என்றார்.

வில்மரைப் பற்றியே பேசுகிறேன் என்றாள் நதீன்.

மேடையில் ஏறி அவள் திரையில் போட்டது ஒரே ஒரு படம். கிரீஸ் படிந்த பனியன், அதை மீறி வெளியே வந்த தொப்பை, கையில் ஜாக்கி, வாயில் வெற்றிலை போல் ஒதுக்கிய கோகா இலை. முன்வரிசையில் ஒரு அம்மாள் மெதுவாகக் கேட்டாள்.

"இது வில்மரோட அப்பாவா?"

"இல்லங்க. வில்மரேதான். வளர்ந்துட்டான். பிள்ளைங்க வளரும். அதுக்குத்தானே சோறு போடறோம்."

அதற்குப் பிறகு தொட்டியைப் பற்றியும் சொன்னாள், பூட்டைப் பற்றியும் சொன்னாள். யார் காதிலும் விழுந்ததாகத் தெரியவில்லை. எல்லோரும் திரையிலிருந்த தொப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரோ தங்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டு, வேறு யாரையோ உட்கார வைத்தது போல. கேக்கை என்ன செய்வது என்று ஞாயிறு பள்ளி ஆசிரியைக்குத் தெரியவில்லை. கடைசியில் மெழுகுவர்த்தி ஏற்றாமலே வெட்டினார்கள்.

மகிழ்ச்சியாக இருந்தவர் ஒருவர் உண்டு. வெண்டல் கூப், சபைச் சொத்துக் கமிட்டித் தலைவர். எழுந்து நின்று, ஆண்டவருக்கு ஸ்தோத்திரம், நாம் வளர்த்த பிள்ளை சொந்தக் காலில் நின்றுவிட்டான் என்று கைதட்டினார். தட்டிவிட்டு, வில்மர் படிப்பு நிதி என்று ஒன்று இத்தனை ஆண்டுகளாகச் சேர்ந்துகொண்டே வந்திருக்கிறது, படிக்க வேண்டியவன் கடை வைத்துவிட்டான் என்றால் அந்த நிதியின் வேலை முடிந்தது, சபை விதிப்படி மீதி பொதுக்கணக்குக்கு வரும், சாப்பாட்டுக்குப் பின் நடக்கும் சபைக் கூட்டத்தில் அதைத் தீர்மானமாகக் கொண்டுவருகிறேன் என்றார்.

பொதுக்கணக்கு என்றால் கார் நிறுத்துமிடத்துக்குத் தார். அது சபைக்கே தெரியும். வெண்டல் நான்கு ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிற தார்.

இப்படி ஒரு நிதி இருப்பதே நதீனுக்கு அப்போதுதான் தெரிந்தது. அடுப்படிக்குள் போனாள். லவோன் கழுவுகிற இடத்தில் நின்று ஒரு பாத்திரத்தைத் தேய்த்த தேய்ப்பில் அதன் பூவேலையே போய்விடும் போலிருந்தது.

"உன்னை யாரு வாயைத் திறக்கச் சொன்னது?" என்றார் திரும்பாமலே.

"எத்தனை தடவை எழுதினேன் லவோன். கல்யாணத்துக்கு லாரி பொம்மை அனுப்பினீங்க."

"நான்தான் அனுப்பினேன். எனக்கு எண்ணத் தெரியாதுன்னு நினைச்சியா? என் பசங்க வீட்டுல இருந்ததைவிட அதிக வருஷம் அவன் என் பிரிட்ஜுல இருந்திருக்கான். அவன் வளர்ந்துட்டான்னு சொன்னா அன்னிக்கே நிதியை மூடுவாங்க. மூடினா ஆம்பளைங்க கைக்குப் போகும். போனா தாரு. கேக்கு வித்து, ஊறுகா வித்து நாங்க சேர்த்தது கண்ணு அது. அது அங்க போகாம இருக்கணும்னா வில்மருக்கு ஆறு வயசா இருந்தாகணும்."

நதீன் ஈரத் தரையில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அப்படியானால் அதைத் தொட்டிக்கு அனுப்பியிருக்கலாமே என்று கேட்டாள்.

"படிப்புக்கு மட்டும்தான் தொடலாம், அது விதி. பெரிய படிப்புக்குன்னு வெச்சிருந்தேன். நீ எப்ப தொட்டின்னு எழுதின? 'ஒரு அவசரத் தேவைக்காக ஜெபியுங்கள்'னு எழுதின. அது கக்கூஸுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவள் எழுதியது என்னவோ கக்கூஸ் என்றுதான். மிஷன் அலுவலகத்தில் திருத்தி அனுப்பியிருந்தார்கள்.

லவோன் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு, அவன் பள்ளிப் படிப்பை முடித்தானா என்று கேட்டார். கடைசி வகுப்பில் விட்டுவிட்டான், அதையும் எழுதியிருந்தேனே என்றாள் நதீன். அப்படியா என்று சொல்லி லவோன் சமையல் ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

கூட்டத்தில் வெண்டல் தீர்மானத்தை வாசித்தார். ஒருவர் வழிமொழிந்தார். விவாதம் உண்டா என்று பாஸ்டர் வழக்கம்போலக் கேட்டுவிட்டு வழக்கம்போல யாரையும் பார்க்காமல் அடுத்ததற்குப் போகப் பார்த்தார். லவோன் எழுந்தார். அந்தப் பையன் படிப்பை முடித்தானா இல்லையா என்பதை நதீன் சபைக்குச் சொல்லட்டும் என்றார்.

முடிக்கவில்லை என்றாள் நதீன். அப்படியென்றால் நிதியின் வேலை எப்படி முடியும் என்றார் லவோன்.

வெண்டல் பொறுமையாகச் சிரித்தார். "லவோன், படத்தைப் பார்த்தீங்கல்ல. தொப்பையும் பிள்ளைகுட்டியுமா இருக்கான். அவன் இனிமே போய் என்னத்தைப் படிக்கப்போறான்?"

சபை முழுவதும் நதீனைப் பார்த்தது. முப்பது ஆண்டு ஊழியத்தில் மேடையில் அவள் ஒரு பொய் சொன்னதில்லை. அதுதான் அவளுடைய கஷ்டமே. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

"செப்டிக் டேங்க் கட்டப் படிக்கணும்னு இருக்கான். ஊருல மாலை வகுப்பு இருக்கு. செய்முறைக்கு ஒரு தொட்டி கட்டிக் காட்டணும். எங்க விடுதியிலயே கட்டலாம்."

வெண்டல் தாடையைத் தடவினார். அவர் முகத்தில் சந்தேகம் தெரியும் என்று நதீன் எதிர்பார்த்தாள். அங்கே வேறு ஏதோ தெரிந்தது.

"தொட்டிக்கு எத்தனை அறை?" என்றார்.

"மூணு. அங்க மண்ணு களிமண்ணு. தண்ணிய உறிஞ்சாது."

"அப்ப வடிகால் எங்க விடுவீங்க?"

அவள் சொன்னாள். பின்வரிசையில் ஒருவர் எழுந்து, தன் பண்ணையிலும் களிமண்தான், ஜல்லி போட்டுப் பார்த்தீர்களா என்று கேட்டார். இன்னொருவர் ஜல்லி எல்லாம் இரண்டு வருஷத்தில் அடைத்துக்கொள்ளும் என்றார். அதற்கு ஒருவர் கோபித்துக்கொண்டார். பிள்ளைகளைப் பற்றிய பேச்சு என்றாலே கைகட்டிக் கண்ணை மூடிக்கொள்கிற ஆண்கள் எல்லாம் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்கள். ஒருவர் சபைச் செய்தித்தாளின் பின்பக்கத்தில் மூடிக்கு எங்கே கம்பி கட்ட வேண்டும் என்று வரைந்து கொண்டுவந்து கொடுத்தார். கூப்பிட்டால் இந்த ஊரில் தொட்டி வேலைக்கு ஒரு ஆள் வருவதில்லை, நல்ல தொழில், பையன் புத்திசாலி என்று வெண்டலே சொல்லித் தீர்மானத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

கோடை முழுவதும் மேடையில் சொல்லக்கூடாது என்று தடுக்கப்பட்ட சொல்லுக்காகத்தான் இவர்கள் காத்திருந்திருக்கிறார்கள். நதீனுக்கு அழுகை வந்தது. சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது.

மாலையில் பள்ளம் விழுந்த கார் நிறுத்துமிடத்தில், லவோனின் காருக்குள் உட்கார்ந்து வில்மருக்குப் போன் போட்டாள். அவன் ஏதோ லாரிக்கு அடியில் இருந்தான். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தான். சிரித்து முடித்த பிறகுதான் அவள் சிரிக்கவில்லை என்று கவனித்தான்.

"இருங்கம்மா. சர்ச்சுல பொய் சொன்னது நீங்க. தோண்டுறது நானா?"

"இப்ப அது பொய். நீ வகுப்புல சேர்ந்துட்டா பொய் இல்ல."

"என் பையன் படிக்கிறான், நானும் பையைத் தூக்கிட்டுப் போகணுமா? கடையில லாரிக்காரனுங்க என்னை என்ன பாடு படுத்துவானுங்க தெரியுமா?"

அந்தப் பக்கம் யாரோ ஹாரன் அடித்தார்கள். அவன் அவர்களுடைய குலத்தையே இழுத்து ஒரு வசவு விட்டான்.

"பூட்டிடுவாங்களா நிஜமாவே?" என்றான் பிறகு.

"பூட்டிடுவாங்க."

"யூனிபாரம் போடச் சொன்னா வரமாட்டேன்."

மாலை வகுப்பில் பாடம் தொடங்குவதற்கு முன்பே செய்முறை தொடங்கிவிட்டது. வில்மர் கடையை மனைவியிடம் விட்டுவிட்டு வந்து தோண்டினான். களிமண் சரிந்தது. சிமெண்ட் மூட்டை விலை ஏறியது. கம்பிக்காரன் ஏமாற்றினான். முதல் மேகம் மலைக்கு மேல் வந்து நின்ற வாரத்தில் மூடி போட்டார்கள். நகராட்சி அதிகாரி வந்து மூடியைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு, குறை சொல்ல எதுவும் கிடைக்காத எரிச்சலில் முத்திரை குத்தினார்.

படிப்புச் செலவுக்குச் சாட்சியாக ஒரு படம் வேண்டும் என்று லவோன் கேட்டிருந்தார். மூடி போடுவதற்கு முன்பே நதீன் குழிக்கு மேலே நின்று எடுத்திருந்தாள். சுண்ணாம்பு கண்ணில் பட்டு வில்மர் அழுதுகொண்டிருந்தான். கன்னமெல்லாம் சேறு. சேற்றில் இரண்டு வாய்க்கால். குழி ஆழம் என்பதால் மேலிருந்து பார்க்கத் தலையும் முகமும்தான் தெரிந்தன. தொப்பை மண்ணுக்குள் போய்விட்டது. அனுப்பும்போது நதீன் மிகத் தெளிவாக எழுதினாள்: இவன் வளர்ந்த ஆள், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், கட்டியது கக்கூஸ் தொட்டி.

சபை அந்தப் படத்தைப் புது அட்டையாக அடித்து வீட்டுக்கு வீடு கொடுத்தது. ஞாயிறு பள்ளி, படிக்கப் போகும் வில்மருக்குப் பை அனுப்பியது. டைனோசர் படம் போட்ட, முதுகில் மாட்டுகிற சின்னப் பை. வில்மர் அதில் ஸ்பேனர் வைத்துக்கொண்டான்.

அடுத்த மிஷன் ஞாயிறு கழிந்து லவோன் அனுப்பிய படத்தில் பிள்ளைகள் கேக்கைச் சுற்றி நின்றார்கள். நதீன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். மெழுகுவர்த்தி ஏழு. கோபத்தோடு போன் போட்டாள். நான் எழுதியது ஒருவர் கண்ணிலும் படவில்லையா என்று கத்தினாள்.

"பட்டுச்சு, பட்டுச்சு," என்றார் லவோன். "எல்லாத்தையும் ஒரே நாள்ல சொன்னா இவங்களால தாங்க முடியாது. வருஷத்துக்கு ஒண்ணா ஏத்துறேன். அவனுக்குப் பதினெட்டு ஆகறப்ப நான் போய்ச் சேர்ந்திருப்பேன். அப்புறம் தாரு ஊத்தட்டும்."

நதீன் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு ஜன்னல் வழியே பார்த்தாள். மழை பெய்துகொண்டிருந்தது. முற்றம் சுத்தமாக இருந்தது. சமையலறைக் கூரையின் மூலையிலிருந்து மட்டும் பருப்புச் சட்டிக்குள் சொட்டிக்கொண்டிருந்தது. சட்டியை நகர்த்தினாள். சொட்டு அரிசி மூட்டைக்கு வந்தது. வேறு வழியில்லாமல் மறுபடி போனைக் காதில் வைத்தாள்.

"லவோன், கூரை போடறதும் படிப்பு கணக்குல வருமா?"

"ஏன் வராது? ஏழு வயசுப் பிள்ளைதானே. என்னவாகணும்னு வருஷத்துக்கு ஒரு தடவை மனசு மாறத்தான் செய்யும்."